எச்சில் குழாயில் தூக்கத்தைத் தேடுவது: 23அண்ட்மீ தூக்க அறிக்கைகள் – மதிப்புரை

23அண்ட்மீ மரபணுச் சோதனையின் ஆரோக்கியப் பிரிவை வாங்கினால் வரும் அறிக்கைகளில் தூக்கத்தோடு தொடர்புள்ளவை நான்கு: ஆழ்தூக்கம், தூக்கத்தில் அசைவு, காபி குடிக்கும் அளவு, காலையில் விழிக்கும் நேரம். ஆண்டுச் சந்தா கட்டினால் தூக்கமின்மை, உறக்க மூச்சுத்தடை போன்றவற்றுக்கான அபாயக் கணிப்பும் கூடவே வரும். டொரன்டோவிலும் லண்டனிலும் நியூ ஜெர்சியிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் பிறந்தநாள் பரிசாகக் கைமாறுகிற பெட்டி இது. வம்சாவளிப் பகுதியை இந்த மதிப்புரை தொடப்போவதில்லை. சுமார் 200 டாலர் பட்டியல் விலை போட்டு, தள்ளுபடி நாட்களில் அதில் பாதிக்கும் கிடைக்கிற இந்தச் சோதனை, ஒருவருடைய தூக்கத்தைப் பற்றி அவருக்கே தெரியாத எதையாவது சொல்கிறதா என்பதை மட்டும் பார்ப்போம்.

சுருக்கமான பதில்: மரபணு எழுத்தைப் படிப்பதில் கெட்டி, தூக்கத்தைக் கணிப்பதில் சுமார். நான்கு அறிக்கைகளில் ஒன்றே ஒன்று கையில் ஒரு வேலையைக் கொடுக்கிறது. அந்த வேலையையும் கிட் வாங்காமலே செய்துவிடலாம்.

பெட்டி

புனல் பொருத்திய பிளாஸ்டிக் குழாய், ஒரு சிறு மூடி, ஒரு உறை, தபால் செலவு முன்கூட்டியே கட்டிய திருப்பிப் பெட்டி. துப்புவதற்கு 30 நிமிடம் முன்பிருந்தே சாப்பாடு, தண்ணீர், பல் துலக்குதல், புகை, சூயிங்கம் எதுவும் கூடாது. வெற்றிலை பாக்கும் இந்தக் கணக்கில்தான். குழாயில் உள்ள கோடு வரை, சுமார் 2 மில்லி எச்சில் வேண்டும். நுரை கணக்கில் சேராது. சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான்: நுரை கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுகிறார்கள், நுரை அடங்கியபின் பார்த்தால் பாதிக் குழாய்தான் நிறைந்திருக்கும். தட்டிவிட்டு, நுரை அடங்கியதும் மறுபடி பார்க்க வேண்டும். வாய் வறண்டிருந்தால் கன்னத்தின் உட்புறத்தை நாக்கால் தேய்த்தால் ஊறும். உள்கன்னத்து அணுக்களும் கூடவே உதிர்ந்து வரும் என்பதால் டிஎன்ஏ அளவும் கூடும்.

புனல் மூடியை அழுத்தும்போது ‘க்ளிக்’ சத்தம் கேட்க வேண்டும். அப்போதுதான் மூடிக்குள் அடைத்த பாதுகாப்புத் திரவம் குழாயில் இறங்கும். அது இறங்கவில்லையென்றால் தபாலில் போகும் நாட்களில் வாய்ப் பாக்டீரியா பெருகி மாதிரி கெட்டுவிடும். பிறகு புனலைக் கழற்றி, சிறு மூடியை இறுக்கி, 5 விநாடி குலுக்கி உறையில் போடுங்கள். குழாயின் பட்டைக்குறி எண்ணை அனுப்பும் முன் இணையத்தில் பதிந்தாக வேண்டும். ஒரே வீட்டில் மூன்று, நான்கு கிட் வாங்கினால் ஒரே மேசையில் வைத்துத் துப்பாதீர்கள். அப்பா குழாய் மகன் கணக்கில் ஏறினால் அறிக்கை முழுக்கத் தலைகீழ்.

ஆய்வகத்தில் நடப்பது முழு மரபணுவையும் படிப்பதல்ல. இலுமினா நிறுவனத்தின் சில்லு ஒன்றில், முன்பே தேர்ந்தெடுத்த சுமார் 6,40,000 இடங்களில் என்ன எழுத்து இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறார்கள். மனித மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். அதாவது ஏறக்குறைய 4,700 எழுத்துக்கு ஒன்று. அந்த ஒன்றைச் சரியாகப் படிக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. படித்ததற்குச் சொல்லும் பொருளைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

ஆழ்தூக்கம்: ஒரே எழுத்தின் கதை

இந்த அறிக்கை பார்ப்பது ஒரே ஒரு இடம். ஏடிஏ என்ற மரபணுவில் ஆர்எஸ்73598374 என்று பட்டியலிட்ட எழுத்து. முடிவு இரண்டே வகை: மிக ஆழமாகத் தூங்குபவராக இருக்க வாய்ப்பு அதிகம், அல்லது குறைவு.

பின்னணி உண்மையிலேயே அழகானது. விழித்திருக்கும்போது மூளை அணுக்கள் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழிக்கின்றன. செலவின் எச்சமாக அடினோசின் அணுக்களுக்கு வெளியே சேர்கிறது. 1997-இல் பூனைகளின் முன்மூளை அடிப்பகுதியில் அளந்தபோது, விழிப்பு நீள நீள அடினோசின் ஏறுவதும் தூங்கியதும் இறங்குவதும் நேரடியாகத் தெரிந்தது. ஏறிய அடினோசின் விழிப்பைத் தாங்கும் நரம்பணுக்களை அடக்குகிறது. இரவு பதினொரு மணிக்குக் கண்ணைச் சுழற்றும் கனம் இதுதான். தூக்கவியலில் இதற்குத் தூக்க அழுத்தம் என்று பெயர். இந்த அழுத்தம், உடலின் கடிகாரம் என்ற இரண்டு விசைகளும் சேர்ந்தே தூக்கத்தை நிர்ணயிக்கின்றன என்ற மாதிரியை சூரிச்சின் அலெக்சாண்டர் போர்பெய் 1982-இல் வெளியிட்டார். இன்றும் துறையின் முதுகெலும்பு அதுதான்.

ஏடிஏ மரபணு செய்யும் நொதி, அடினோசினை உடைத்து இனோசினாக்குகிறது. அறிக்கை தேடும் அந்த ஓரெழுத்து மாற்றம் இருந்தால் நொதியின் வேகம் குறைகிறது, அடினோசின் கூடுதல் நேரம் தங்குகிறது. 2005-இல் சூரிச் ஆய்வாளர்கள் மாற்றம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் மூளை அலைப் பதிவோடு தூங்கவைத்துப் பார்த்தார்கள். உள்ளவர்களுக்கு ஆழ்தூக்கம் சுமார் 30 நிமிடம் அதிகம். அறிக்கையின் அடித்தளம் இந்த ஆய்வுதான். பின்னர் சாவ் பாவ்லோவில் பெரிய மாதிரியிலும் மூளை அலைகளின் வலிமையில் வேறுபாடு தென்பட்டது.

ஆக, அறிவியல் பொய்யல்ல. ஆனால் சூரிச்சில் தூங்கவைத்தவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணத் தொடங்கினால் விரல் தீர்ந்து சற்று நேரத்தில் எண்ணிக்கையும் தீர்ந்துவிடும். ஆழ்தூக்கத்தின் அளவை மிக அதிகம் மாற்றுவது வயது. இருபதில் இருக்கும் ஆழ்தூக்கம் அறுபதில் யாருக்கும் இருப்பதில்லை. அடுத்தது, முந்தைய இரவு எவ்வளவு விழித்தோம் என்பது. அதற்கடுத்து மது, தூக்க மாத்திரை, குறட்டை. அறிக்கை இவை எதையும் கேட்பதில்லை. ‘வாய்ப்பு குறைவு’ என்று வந்தவர் தன் தூக்கம் ஆழமற்றது என்று படித்துவிட்டு, கையில் கட்டிய கடிகாரத்தின் ‘ஆழ்தூக்கம் 48 நிமிடம்’ என்ற எண்ணோடு சேர்த்துக் கவலைப்படத் தொடங்குவதுதான் இதன் பக்கவிளைவு. கடிகாரம் மூளை அலையைப் பார்ப்பதில்லை, அசைவையும் நாடியையும் வைத்து ஊகிக்கிறது. எழுத்தும் ஊகமும் சேர்ந்தால் நோயறிதல் ஆகிவிடாது.

அசைவு: பிரயோஜனமுள்ள ஒரே பக்கம்

பிடிபிடி9 மரபணுவில் உள்ள ஆர்எஸ்3923809 என்ற இடத்தை வைத்து, தூக்கத்தில் கைகால் சராசரியைவிட அதிகம் அசையுமா என்று சொல்லும் அறிக்கை. 2007-இல் ஐஸ்லாந்தின் டீகோட் மரபணு நிறுவனக் குழுவும், தனியே ஜெர்மன் ஆய்வாளர்கள் தலைமையிலான குழுவும் ஒரே ஆண்டில் இந்த மரபணுவைக் கால் குடைச்சலோடு இணைத்தன. இரண்டு தனித்தனிக் குழுக்கள் ஒரே இடத்தில் கைவைத்ததால் இதன் அடித்தளம் ஏடிஏ கதையைவிட உறுதி.

ஐஸ்லாந்து ஆய்வில் இன்னொரு செய்தி இருந்தது. அபாய எழுத்தின் ஒவ்வொரு நகலுக்கும் இரத்தத்தில் ஃபெரிட்டின் அளவு சுமார் 13 சதவீதம் குறைந்திருந்தது. ஃபெரிட்டின் என்பது உடலின் இரும்புச் சேமிப்பின் அளவுகோல். மூளையில் இரும்பு குறைந்தால், அசைவை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளின் அமைப்பு தடுமாறுகிறது. மாலை ஆனதும் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல, நீட்டி மடக்கினால்தான் அடங்குவதுபோல வருகிற அந்தக் குடைச்சல் அதன் வெளிப்பாடு. தூங்கிய பிறகு 20, 30 விநாடிக்கு ஒருமுறை கால் கட்டைவிரல் மேலே சுண்டும். தூங்குபவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்தவருக்குத் தெரியும்.

அறிக்கை ‘அதிகம் அசைவீர்கள்’ என்றால் செய்ய வேண்டியது ஒரு இரத்தச் சோதனை. உண்மையில் அறிக்கை ‘அசைய மாட்டீர்கள்’ என்று சொன்னாலும், குடைச்சல் இருந்தால் அதே சோதனைதான். ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் நிறைவு சதவீதமும் (இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) சேர்த்துப் பாருங்கள். சென்னையிலோ மதுரையிலோ எந்த ஆய்வகத்திலும் ஃபெரிட்டினுக்குச் சில நூறு ரூபாய்தான். காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுங்கள். இரும்பு மாத்திரை எடுப்பவர் அதற்கு முந்தைய 24 மணி நேரம் நிறுத்த வேண்டும். காய்ச்சல், தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், அந்த வாரம் வேண்டாம்.

இங்கே ஒரு வலை இருக்கிறது. ஆய்வகத் தாளில் ஃபெரிட்டின் 20 அல்லது 30 இருந்தால் ‘இயல்பு’ என்றே அச்சாகியிருக்கும். இரத்தசோகைக்கான வரம்பு அது. கால் குடைச்சல் உள்ள பெரியவர்களுக்கு மில்லிக்கு 75 நானோகிராம் அல்லது அதற்குக் கீழ் இருந்தாலே, அல்லது டிரான்ஸ்ஃபெரின் நிறைவு 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தாலே இரும்பு கொடுக்கலாம் என்பது தூக்க மருத்துவர்களின் வழிகாட்டி. வழக்கமான அளவு 65 மில்லிகிராம் இரும்புள்ள ஃபெரஸ் சல்பேட் மாத்திரை ஒன்று, வைட்டமின் சி-யோடு, தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள். காபி, டீயோடு விழுங்கினால் பாதி வீண். மூன்று மாதம் கழித்து மறு சோதனை. இரும்பு அதிகமானாலும் ஆபத்து என்பதால் எண்ணைப் பார்க்காமல் தானாகத் தொடங்கக் கூடாது, மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் எடுக்கிற, தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு இரண்டும் குடைச்சலைக் கிளறும். தூக்கம் வரட்டும் என்று அலர்ஜி மாத்திரையைப் போட்டுவிட்டு இரவெல்லாம் காலை உதைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அறிக்கையில் ஃபெரிட்டினுக்கு இவ்வளவு முக்கியத்துவம் கிடைப்பதில்லை. 23அண்ட்மீ தவறவிட்ட நல்ல வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

காபி: தலைப்பைக் கவனியுங்கள்

பெரும்பாலோர் தவறாகப் படிக்கும் அறிக்கை இது. காபி உங்கள் தூக்கத்தை எவ்வளவு கெடுக்கும் என்று இது சொல்வதில்லை. நீங்கள் எவ்வளவு காபி குடிக்கக்கூடியவர் என்று சொல்கிறது. சிஒய்பி1ஏ2, ஏஎச்ஆர் என்ற இரண்டு மரபணுக்களுக்கு அருகே உள்ள எழுத்துகளை வைத்து வரும் கணிப்பு. கல்லீரலில் காஃபினை உடைக்கும் நொதி முதலாவது. அந்த நொதியின் உற்பத்தியைத் தூண்டுவது இரண்டாவது. வேகமாக உடைப்பவர் அதிகம் குடிக்கிறார், அவ்வளவுதான். தினம் எத்தனை டம்ளர் உள்ளே போகிறது என்பது குடிப்பவருக்கும் வீட்டில் டிகாக்‌ஷன் போடுபவருக்கும் ஏற்கெனவே தெரியும்.

தூக்கத்தைக் கெடுக்கும் பாதை வேறு. மூளை அணுக்களில் அடினோசின் வந்து ஒட்டும் இடமான ஏ2ஏ ஏற்பியில் காஃபின் போய் அடைத்துக்கொள்கிறது. அந்த ஏற்பியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் காஃபின் கொடுத்தால் விழிப்பு கூடுவதில்லை என்று 2005-இல் காட்டினார்கள். மனிதரில் ஏற்பியின் மரபணுவான ஏடோரா2ஏ-வில் உள்ள ஒரு மாறுபாடு காபியால் தூக்கம் கெடும் தன்மையோடு தொடர்புடையது. 23அண்ட்மீயின் காபி அறிக்கை இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மரபணுவைவிடப் பெரிய காரணிகள் கண்முன்னே இருக்கின்றன. காஃபினின் அரை ஆயுள், அதாவது உடலில் அது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சராசரி 5 மணி நேரம். கருத்தடை மாத்திரை எடுத்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் 15 மணி நேரம் வரை போகும். புகைபிடிப்பவருக்குக் குறையும், புகையை விட்டதும் அதே இரண்டு காபி திடீரென்று தூக்கத்தைக் கெடுப்பதற்குக் காரணம் இதுதான். 2013-இல் வந்த ஒரு ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் காஃபின்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தைக் குறைத்தது. சோதிக்க வேண்டுமானால் இரண்டு வாரம், மதியம் 12-க்குப் பிறகு காபியும் டீயும் நிறுத்திப் பாருங்கள். முதல் மூன்று நாள் தலைவலியைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

விழிக்கும் நேரம்: 25 நிமிடமும் ஒரு கூடாரமும்

விடுமுறை நாளில் இத்தனை மணிக்கு இயல்பாக விழிப்பீர்கள் என்று ஒரு நேரத்தையே எண்ணாகக் கொடுக்கிறது இந்தப் பக்கம். நூற்றுக்கணக்கான மரபணு இடங்களோடு வயதையும் பாலினத்தையும் கலந்த கணிப்பு. சிலருக்குச் சரியாகவே பொருந்தும். வயதை மட்டும் கொடுத்தாலே கணிசமாகப் பொருந்தும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: இருபது வயதில் ராக்கோழியாக இருப்பவர் அறுபதில் விடியலுக்கு முன் எழுந்து வாசல் தெளிக்கிறார்.

உடலின் கடிகாரம் இருக்கும் இடம் மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே. சுமார் 20,000 நரம்பணுக்கள். ஒவ்வொரு அணுவுக்குள்ளும் க்ளாக், பீமல்1 புரதங்கள் சேர்ந்து பெர், க்ரை மரபணுக்களை ஓடவைக்கின்றன, அவற்றிலிருந்து வரும் பெர், க்ரை புரதங்கள் சேர்ந்து பெருகித் திரும்பி வந்து க்ளாக்கையும் பீமல்1-ஐயும் அடக்குகின்றன, பிறகு சிதைகின்றன, சுற்று மறுபடி தொடங்குகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் ஒரு நாள். பழ ஈக்களில் இதன் முதல் மரபணுவை 1971-இல் ரொனால்டு கொனோப்காவும் சீமோர் பென்சரும் கண்டார்கள்: 19 மணி நேரச் சுற்று, 28 மணி நேரச் சுற்று, சுற்றே இல்லாத ஈ, மூன்றுமே அந்த ஒரே மரபணுவில் நேர்ந்த மாற்றங்கள். அந்த மரபணு இயங்கும் விதத்தை விரித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் கிடைத்தது.

ஒரே எழுத்து கடிகாரத்தை நிஜமாகவே திருப்பிவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன. பெர்2 புரதத்தின் 662-ஆம் இடம் மாறிய யூட்டா குடும்பத்தில், மாற்றம் உள்ளவர்கள் மாலை ஏழரைக்குத் தூங்கி அதிகாலை நாலரைக்கு எழுகிறார்கள். 2001-இல் வெளியான கண்டுபிடிப்பு. எதிர்த்திசையில், க்ரை1-இல் ஒரு துண்டு விடுபட்ட மாற்றம் கடிகாரத்தை நீட்டி, தூக்கத்தை இரண்டு, இரண்டரை மணி நேரம் தள்ளிவிடுகிறது என்று 2017-இல் யங் குழு காட்டியது. இப்படிப்பட்ட குடும்பங்களை மனதில் வைத்துக்கொண்டுதான் பலரும் இந்த அறிக்கையைப் படிக்கிறார்கள். ஆனால் பெரும்பாலோருக்கு நடப்பது வேறு, ஆளுக்கு ஒரு மணித்துளி தள்ளும் நூற்றுக்கணக்கான சிறு மாற்றங்களின் கூட்டு.

அந்தக் கூட்டின் அளவு தெரியும். 23அண்ட்மீ வாடிக்கையாளர்களையும் பிரிட்டனின் பயோபேங்க் என்ற உடல்நல, மரபணுத் தரவுத் தொகுப்பையும் சேர்த்து, ஏறக்குறைய 7 லட்சம் பேரில் 351 இடங்களைக் கண்ட 2019 ஆய்வு அதை அளந்தது. காலைப் பறவை எழுத்துகள் மிக அதிகமுள்ள 5 சதவீதத்தினரையும் மிகக் குறைவான 5 சதவீதத்தினரையும் கையில் அசைவுமானி கட்டி அளந்தால், தூங்கும் நேரத்தில் வேறுபாடு 25 நிமிடம். இரண்டு எல்லைகளுக்கு நடுவில் அவ்வளவே. நடுவில் இருக்கும் 90 சதவீதத்தினருக்கு இன்னும் குறைவு.

இதனோடு 2013-இல் கொலராடோவில் செய்த சிறு ஆய்வை வைத்துப் பாருங்கள். சிலரை ஒரு வாரம் மலையில் கூடாரம் அடித்துத் தங்கவைத்தார்கள். மின்விளக்கு கிடையாது, டார்ச்கூடக் கிடையாது. வெயிலும் நெருப்பும் மட்டும். இரவு வந்ததை உடலுக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோன் சுரக்கத் தொடங்கும் நேரம் சுமார் 2 மணி நேரம் முன்னே வந்துவிட்டது. கண்ணில் உள்ள, ஒளியை உணரும் மெலனாப்சின் அணுக்கள் காலை வெளிச்சத்தை நேராகக் கடிகாரத்துக்கு அனுப்புகின்றன. அதற்குக் கிட் தேவையில்லை. எழுந்த அரை மணிக்குள் 30 நிமிடம் வெளியில் நடை, மாலை எட்டுக்கு மேல் வீட்டின் வெள்ளை எல்இடி விளக்குகளில் பாதியை அணைப்பது. ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தால் கணக்கில் வராது: வெளியே மேகமூட்டத்திலும் வெளிச்சம் ஆயிரக்கணக்கான லக்ஸ், அறைக்குள் சில நூறு.

சந்தா அறிக்கைகள்

தூக்கமின்மைக் கணிப்பு: 13 லட்சம் பேரை ஆராய்ந்து 202 இடங்களைக் கண்ட 2019-இன் பெரிய ஆய்விலேயே, அந்த எழுத்துகளை எல்லாம் கூட்டி விளக்க முடிந்தது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 2.6 சதவீதம் வரைதான். மீதி 97 எங்கே என்று கேட்டால் வேலை, வலி, மனம், வெளிச்சம், மாத்திரை என்று பட்டியல் நீளும். அபாயம் அதிகம் என்று வந்தாலும் குறைவு என்று வந்தாலும் முதல் சிகிச்சை ஒன்றேதான், தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை.

மூச்சுத்தடைக் கணிப்புக்குப் பணம் கொடுப்பதற்குக் கொஞ்சமும் நியாயமில்லை. குறட்டை, பகலில் களைப்பு, தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, இரத்த அழுத்தம், எடை, வயது, கழுத்துச் சுற்றளவு, பாலினம் என்று எட்டுக் கேள்விகள் கொண்ட ஸ்டாப்-பாங் தாள் இலவசம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கேள்விகளுக்கு ‘ஆம்’ வந்தால் வீட்டிலேயே ஒரு இரவு கட்டிக்கொள்ளும் சோதனைக் கருவிக்குக் கேளுங்கள். மணிக்கு 5 தடைக்கு மேல் லேசானது, 15-க்கு மேல் நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. ஒல்லியாக இருப்பதால் நமக்கு வராது என்று நம்மவர்கள் நினைக்க வேண்டாம். தாடை சிறிதாக, பின்தள்ளி இருந்தாலும் வரும்.

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்தக் கூட்டுக் கணிப்புகளின் எடைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரின் தரவிலிருந்து வந்தவை. அதே எடைகளைத் தெற்காசியர் மீது போட்டால் துல்லியம் சராசரியாக 37 சதவீதம் குறைகிறது என்று 2019-இல் பல்வேறு உடற்பண்புகளை வைத்துக் கணக்கிட்டார்கள். சுமாரான கணிப்பு நமக்கு வரும்போது இன்னும் சுமாராகிறது. ஏடிஏ, பிடிபிடி9 போன்ற ஓரெழுத்து அறிக்கைகளையும் இந்தக் குறை முழுதாக விடுவதில்லை.

இல்லாதவை, தேடக் கூடாதவை

மூளையில் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே ஒரு சுவிட்ச் இருக்கிறது. 1917 வாக்கில் வியன்னாவில் மூளைக்காய்ச்சலில் இறந்தவர்களின் மூளையைத் திறந்து பார்த்த கான்ஸ்டன்டின் ஃபான் எகோனோமோ, ஹைப்போதலாமஸின் முன்பகுதி கெட்டவர்கள் தூங்க முடியாமலும், பின்பகுதி கெட்டவர்கள் விழிக்க முடியாமலும் இருந்ததைக் கவனித்தார். முன்பகுதியின் தூக்க அணுக்களும் பின்பகுதி, மூளைத்தண்டின் விழிப்பு அணுக்களும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டிருப்பதால், நாம் பாதித் தூக்கத்தில் நிற்காமல் ஒருபக்கமாகச் சாய்கிறோம். சுவிட்ச் அடிக்கடி புரண்டுவிடாமல் விழிப்பின் பக்கம் விரலை வைத்துப் பிடித்திருப்பது ஓரெக்சின் என்ற மூளை வேதிப்பொருள். அதைச் சுரக்கும் அணுக்கள் அழிந்தால் நார்கோலெப்சி: பகலில் தாங்கமுடியாத தூக்கம், சிரித்தால் முழங்கால் தொய்வது.

இந்தச் சுவிட்சைப் பற்றி 23அண்ட்மீயில் எதுவும் இல்லை. ஒருவகையில் நல்லது. நார்கோலெப்சியோடு ஒட்டிவரும் எச்எல்ஏ என்ற நோயெதிர்ப்பு மரபணு வகை, நோயே இல்லாத ஏராளமானோரிடமும் இருக்கிறது. சிரிக்கும்போது தொய்வு இருந்தால் எச்சில் சோதனை வேண்டாம். இரவுத் தூக்கப் பதிவும், மறுநாள் பகலில் ஐந்து குட்டித் தூக்கங்கள் வைக்கும் சோதனையும் வேண்டும். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கி, இரண்டு முறையாவது நேராகக் கனவுத் தூக்கத்தில் விழுந்தால் அதுதான் சான்று.

இனி, பலரும் செய்யும் தவறு. மூலத் தரவுக் கோப்பைப் பதிவிறக்கி, ‘நாலு மணி நேரத் தூக்கம் போதும்’ மரபணுவைத் தேடுவது. டெக்2 என்ற மரபணுவில் உள்ள அந்த அரிய மாற்றத்தை 2009-இல் இங்-ஹுய் ஃபூ குழு ஒரு தாயிலும் மகளிலும் கண்டது உண்மை. அவர்கள் ஆறேகால் மணி நேரத் தூக்கத்தில் நன்றாகவே இருந்தார்கள். ஆனால் பிரிட்டன் பயோபேங்கில் அதே மாற்றத்தைச் சுமந்தவர்களைத் தேடிப் பார்த்தபோது அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத் தூங்கவில்லை. அதைவிட முக்கியம், இவ்வகைச் சில்லுகள் அரிய மாற்றங்களுக்காகச் செய்தவை அல்ல. லட்சத்தில் ஒருவருக்கும் குறைவாக உள்ள மாற்றங்களைச் சில்லு ‘இருக்கிறது’ என்று சொன்னபோது அதில் 16 சதவீதம்தான் நிஜம் என்று 2021-இல் வெளியான ஆய்வு கண்டது. ஆறில் ஐந்து பொய். அந்த ஒரு வரியை நம்பித் தூக்கத்தை வெட்டாதீர்கள்.

தரவு

2023 அக்டோபரில், வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களை வைத்துச் சுமார் 14,000 கணக்குகளுக்குள் நுழைந்தவர்கள், உறவினர் தேடல் வசதி வழியே 69 லட்சம் பேரின் விவரங்களை அள்ளினார்கள். நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு போட்டது. ஜூலையில், நிறுவனர் ஆன் வோஜிட்ஸ்கியின் லாப நோக்கற்ற டீடாம் நிறுவனம் 30.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. எச்சில் கொடுத்தவர் ஒருவர்தான், ஆனால் அதில் அண்ணன், தம்பி, பிள்ளைகளின் எழுத்துகளும் பாதிப் பங்கு இருக்கின்றன. கிட் வாங்குவதற்கு முன் அதை யோசிக்க வேண்டும்.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு: இருகட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள். ஆராய்ச்சிக்கான சம்மதம், மாதிரியைச் சேமிக்கும் சம்மதம் இரண்டும் தனித்தனி. அமைப்புப் பக்கத்தில் பார்த்து வேண்டாததை எடுத்துவிடுங்கள். உறவினர் தேடல் தேவையில்லையென்றால் அணைத்துவிடுங்கள். கணக்கையே அழிப்பதாக இருந்தால் முதலில் அறிக்கைகளையும் மூலத் தரவுக் கோப்பையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. அமைப்புப் பக்கத்தின் கடைசியில் உள்ள தரவுப் பகுதிக்குப் போய் நிரந்தர அழிப்பைத் தேர்ந்தெடுத்தால் மின்னஞ்சல் ஒன்று வரும். அதில் உள்ள இணைப்பை அழுத்தி உறுதிசெய்யும் வரை எதுவும் அழியாது. பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அழித்த பின்னும், ஆய்வகச் சட்டத்தின்படி மரபணுத் தகவல், பிறந்த தேதி, பாலினம் ஆகியவை ஆய்வகப் பதிவில் சில காலம் தங்கும். ஏற்கெனவே ஆராய்ச்சியில் சேர்ந்த தரவைத் திரும்ப எடுக்க முடியாது.